சாமி பேரில் கொடுக்கும் மோருக்கும் பேர்மிட் வேண்டுமா?

திருவிழாக் காலம் வந்துவிட்டால் தோட்டமே மாறிப்போகும். கொடியேற்றி, கரகம் பாலித்து, தேர் லயம் லயமாகப் போய்த் திரும்பும் வரைக்கும் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் எல்லாரும் வீடு வந்து சேர்வார்கள். தேர் போகிற வழியில் கமிட்டியார் ஒரு தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். மோர், பானகம், சர்பத், தேசிக்காய்த் தண்ணி என்று வருகிறவர்களுக்கெல்லாம் வயிறு குளிரக் கொடுப்பார்கள். தாகத்துக்குத் தண்ணி கொடுப்பது பெரிய புண்ணியம். அதில் யாருக்கும் இரண்டாவது பேச்சு இல்லை.

இந்தப் பந்தல் போடுவதற்கு முன்னால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், அதாவது நாம் பி.எச்.ஐ. என்று சொல்கிறவரிடம், தெரிவித்துப் பதிவு செய்யுங்கள் என்று நாங்கள் சொன்னபோது ஒரு தோட்டத்துக் கமிட்டிப் பொருளாளர் எங்களிடம் கேட்டார்: "சாமிக்குச் செய்யிற காரியத்துக்கு எதுக்குங்க பேர்மிட்டு? நாங்க என்ன கடையா போடுறோம்? காசா வாங்குறோம்?"

நியாயமான கேள்விதான். அவர் மட்டுமல்ல, பல பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆகவே இந்த இதழில் அதற்கு விபரமாகப் பதில் சொல்கிறோம்.

தேர் போய் மூன்று கிழமைக்குப் பிறகு

முதலில் நாங்கள் கண்ட ஒரு விஷயம். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு தோட்டத்தில் திருவிழா நல்லபடியாக முடிந்தது. பந்தலையும் பிரித்தாகிவிட்டது. மூன்று கிழமை கழித்து ஒரு லயத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளைக்குக் காய்ச்சல், வாந்தி, சாப்பாட்டைக் கண்டால் அருவருப்பு. பிறகு கண் மஞ்சளாகிவிட்டது. செங்கமாரி. அடுத்தடுத்த நாட்களில் பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளுக்கும் அதே மாதிரி.

"பூசையில ஏதோ குறை, அம்மன் குத்தம்" என்றார்கள் சிலர். மந்திரித்துப் பார்த்தார்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். மோர்ப் பந்தலை யாரும் நினைக்கவில்லை. எப்படி நினைப்பார்கள்? அதுதான் முடிந்து மூன்று கிழமை ஆகிவிட்டதே!

பி.எச்.ஐ. வந்து வீடு வீடாக விசாரித்தார். "மூன்று நான்கு கிழமைக்கு முன்னால் இந்தப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே இடத்தில் எதையாவது குடித்தார்களா, சாப்பிட்டார்களா?" என்று கேட்டார். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வந்தது. அந்தப் பங்குனி வெயிலில் பீலி நூல் மாதிரி ஓடியிருக்கிறது. தேர் பந்தலை நெருங்கும் நேரம் மோர் முடிந்துவிட்டது. இளவட்டங்கள் அவசரத்தில் லயத்துக்குக் கீழே ஓடும் ஓடையில் இரண்டு வாளி அள்ளி ஊற்றிவிட்டார்கள். அந்த ஓடைக்கு மேல்தான் கக்கூஸ் குழிகள் இருக்கின்றன.

ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஆனால் அந்தப் பெண்பிள்ளையால் அந்த வருஷம் பரீட்சை எழுத முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு இருந்த தாய்க்கு அத்தனை நாளும் பேர் இல்லை. இரண்டு வாளித் தண்ணியின் விலை அது.

இந்த வியாதி ஏன் பிந்தி வருகிறது?

மஞ்சட்காமாலையில் தண்ணீராலும் உணவாலும் பரவுவது ஈரல் அழற்சி 'ஏ' என்ற வகை. 2007ஆம் ஆண்டில் கம்பளைப் பகுதியில் இது பரவியது பலருக்கு ஞாபகம் இருக்கும். நோயாளியின் மலத்தில் இருக்கும் கிருமி தண்ணீரில் கலந்து இன்னொருவரின் வாய்க்குப் போகிறது. கிருமி உள்ளே போன நாளிலிருந்து நோய் வெளியே தெரிய 15 நாளிலிருந்து 50 நாள் வரை ஆகும். சராசரியாக 28 நாள். கண் மஞ்சளாவதற்கு முன்பே, ஒரு கிழமை இரண்டு கிழமையாகவே, அவரிடமிருந்து கிருமி மற்றவர்களுக்குப் போகத் தொடங்கிவிடும்.

நெருப்புக் காய்ச்சல், அதாவது தைபோயிட், பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று கிழமைக்குள் வெளிப்படும். சீதபேதியும் சாதாரண வயிற்றோட்டமும் இரண்டொரு நாளிலேயே வந்துவிடும்.

ஆகவே, "போன வருஷமும் இப்படித்தான் கொடுத்தோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்வது சரியல்ல. ஆகியிருக்கலாம். மூன்று கிழமை பிந்தி வந்ததால் நமக்குத் தெரியாமல் போயிருக்கலாம். பி.எச்.ஐ.யை முன்கூட்டியே கூப்பிடச் சொல்வதற்கு முக்கியமான காரணம் இதுதான். வியாதி வந்த பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம். வரும் வழியை முன்னாலேயே அடைப்பது சுலபம்.

இலவசமாகக் கொடுத்தாலும் சட்டம் உண்டா?

உண்டு. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் விற்பதை மட்டும் பேசவில்லை. மனிதர் உண்ணத் தகாத உணவை விற்கவும் கூடாது, விநியோகிக்கவும் கூடாது என்று சொல்கிறது. காசு வாங்காமல் கொடுப்பதும் விநியோகம்தான். பானமும் இந்தச் சட்டப்படி உணவுதான். அதிகாரம் பெற்ற உத்தியோகத்தர் பந்தலுக்கு வந்து பார்க்கலாம், மாதிரி எடுக்கலாம், கெட்டுப்போனதைக் கைப்பற்றலாம்.

வெசாக், பொசன் காலத்தில் டவுனில் வாலிபர் சங்கங்கள் தன்சல் போடுவதைப் பார்க்கிறோம். தன்சல் போடுகிறவர்கள் அந்தந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்று சுகாதாரப் பகுதியினர் அறிவித்து வருகிறார்கள். சிவனொளிபாதமலைக் காலத்தில் நல்லதண்ணிப் பாதையில் கொடுக்கும் தானமாக இருந்தாலும், நம்முடைய கோயில் தண்ணீர்ப் பந்தலாக இருந்தாலும் தண்ணி தண்ணிதான், வயிறு வயிறுதான். தோட்டம் கம்பனியின் கையில் இருந்தாலும் தோட்டத்து மக்களும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுக்குள்தான் வருகிறார்கள். அந்தச் சேவையைக் கேட்டுப் பெறுவது நமது உரிமை.

"அவர் வந்தா பந்தலைப் புடுங்கிப் போட்டுருவாரு" என்று பயப்பட வேண்டாம். சொல்லாமல் போட்ட பந்தலில் குறை கண்டால் நிறுத்தச் சொல்லத்தான் செய்வார். முன்கூட்டியே சொன்னால் குறையைத் திருத்த நமக்கு நாள் இருக்கும்.

யாரிடம் போவது, என்ன கொண்டு போவது?

திருவிழா நாள் குறித்த உடனேயே இந்த வேலையையும் தொடங்குங்கள். இரண்டு கிழமையாவது கையில் இருந்தால் நல்லது. உங்கள் பகுதி பி.எச்.ஐ. யார், எந்த நாளில் பணிமனையில் இருப்பார் என்று தோட்ட டொக்டரிடமோ மருத்துவமாதுவிடமோ நலன்புரி உத்தியோகத்தரிடமோ கேளுங்கள். கமிட்டித் தலைவரும் செயலாளரும் கையொப்பம் வைத்த ஒரு கடிதம் கொண்டு போங்கள். அதில் இவை இருக்கட்டும்:

1. தோட்டம், டிவிஷன், கோயில், பந்தல் போடும் இடம்.
2. எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை.
3. என்ன பானம், ஏறக்குறைய எத்தனை பேருக்கு.
4. தண்ணி எங்கிருந்து வருகிறது. பீலியா, கிணறா, குழாயா.
5. கலக்குகிறவர்கள், ஊற்றிக் கொடுக்கிறவர்கள் பெயர்.
6. பொறுப்பானவர் பெயரும் தொலைபேசி இலக்கமும்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. 1988இல் வந்த 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அரச பணிமனைகளோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை உறுதி செய்திருக்கிறது. "சிங்களம் எழுதத் தெரியாதே" என்று யாரும் பின்வாங்க வேண்டாம். ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் பெற்றுக்கொண்டதாகத் திகதியோடு கையொப்பம் வாங்கி வாருங்கள்.

பிறகு அவர் வந்து இடத்தைப் பார்ப்பார். தண்ணி வரும் வழியைப் பார்ப்பார், பாத்திரங்களைப் பார்ப்பார், ஆட்களிடம் விசாரிப்பார். இன்னின்னது செய்யுங்கள் என்று சொல்வார். அந்தக் கடதாசியைவிட இப்படி ஒருவர் நடந்து வந்து தண்ணியின் மூலத்தைக் கண்ணால் பார்ப்பதுதான் பெரிய லாபம். அவரோடு கமிட்டி ஆட்கள் இரண்டு பேர் பீலி வரைக்கும் கூடவே போங்கள்.

தண்ணீர்: இதுதான் தலையான விஷயம்

"பாலைக் காய்ச்சித்தான் தயிர் போட்டோம். மோர் சுத்தம்" என்பார்கள். தயிர் சுத்தம்தான். அதில் ஊற்றிய தண்ணி? ஒரு பங்கு தயிருக்கு மூன்று நான்கு பங்கு பச்சைத் தண்ணி ஊற்றினால் காய்ச்சிய பாலால் என்ன பயன்? பானகத்துக்கும் சர்பத்துக்கும் இதே கதைதான். புளிப்போ சர்க்கரையோ உப்போ கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்ப வேண்டாம்.

கொதிக்க வைப்பதுதான் நம் கையில் இருக்கும் நிச்சயமான வழி. மலைநாட்டில் தண்ணி கொஞ்சம் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கடல் மட்டத்தில் 100 பாகை என்றால், 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் சுமார் 94 பாகை. அந்தச் சூடும் கிருமிகளைக் கொல்லப் போதும். ஆனால் ஓரத்தில் சின்னக் குமிழி வந்ததும் இறக்கிவிடாதீர்கள். தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிஷமாவது விடுங்கள். உயரமான தோட்டங்களில் மூன்று நிமிஷம் விட்டால் மனதுக்கும் நிம்மதி.

"இவ்வளவு பேருக்கு எப்படிக் கொதிக்க வைக்கிறது?" என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 பேர், ஆளுக்கு 200 மில்லிலீற்றர் டம்ளரில் இரண்டு தடவை. மொத்தம் 200 லீற்றர். 50 லீற்றர் அண்டாவில் நாலு தடவை. முதல் நாள் இரவே அன்னதானச் சமையல் அடுப்பு எரியும்போது காய்ச்சி, மூடி, ஆறவிட்டால் காலையில் ஆயத்தம். இன்னும் 50 லீற்றர் கூடுதலாகக் காய்ச்சி வையுங்கள். தேர் நெருங்கும் நேரம் முடிந்துபோனால் ஓடைக்கு ஓட வேண்டி வராது. அதுவும் முடிந்தால், "முடிந்துவிட்டது, மன்னிக்கவும்" என்று சொல்லிப் பந்தலை மூடுங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

காய்ச்ச வசதியில்லாத அளவு தண்ணி என்றால் பி.எச்.ஐ.யிடம் குளோரின் போட்டுத் தரச் சொல்லுங்கள். எவ்வளவு தூள் என்று நாமாகக் கணக்குப் பண்ண வேண்டாம். பழைய தூளுக்குச் சத்து குறைந்திருக்கும், கலங்கல் தண்ணிக்குக் கூட வேண்டும். போட்டு அரை மணித்தியாலம் கழித்து, ஒரு லீற்றரில் 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சி இருக்கிறதா என்று அவர் சோதிப்பார். குளோரின் வாசம் இலேசாக வந்தால் முகம் சுளிக்காதீர்கள். அது காவல் இருக்கிறது என்று அர்த்தம்.

ஐஸ் விஷயத்திலும் கவனம் வேண்டும். உறைய வைத்தால் கிருமி சாகாது, உறங்கும். அவ்வளவுதான். மீனுக்குப் போடும் ஐஸ் கட்டியை வாங்கிச் சாக்கில் உருட்டி வந்து சர்பத்தில் உடைத்துப் போடுவது காய்ச்சிய தண்ணியையும் கெடுத்துவிடும். நம்முடைய குளிருக்கு ஐஸ் இல்லாவிட்டாலும் குடிப்பார்கள்.

பாத்திரத்தில் இருக்கும் ஆபத்து

தோட்டத்தில் இதை அழுத்திச் சொல்லியே ஆகவேண்டும். புல்லுக்கு அடிக்கும் மருந்து, பூச்சி மருந்து வந்த பீப்பாயையும் கேனையும் எத்தனை தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் குடிக்கிற தண்ணிக்கு எடுக்கவே கூடாது. "நல்லாக் கழுவிட்டோம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

நாகம் பூசிய தகர வாளியிலும் செம்புப் பாத்திரத்திலும் மோர், தேசிக்காய்த் தண்ணி, புளிப் பானகம் கலந்து வைக்கக் கூடாது. புளிப்பு அந்த உலோகத்தைக் கரைத்துவிடும். குடித்த கொஞ்ச நேரத்தில் வாந்தி வரும். எவர்சில்வர் அண்டாவோ, உணவுக்கென்றே செய்த மூடியுள்ள பிளாஸ்டிக் பாத்திரமோ நல்லது. சர்பத்துக்குக் கண்ட கண்ட சாயப்பொடியைப் போடாதீர்கள். உணவுக்கானது என்று லேபிள் உள்ளதை மட்டும் வாங்குங்கள். நிறம் இல்லாவிட்டாலும் தாகம் தீரும்.

யார் கையில் கரண்டி?

வியாதி இல்லாத மாதிரித் தெரிகிற ஆளிடமிருந்தும் வியாதி பரவலாம். அமெரிக்காவில் நியூயோர்க் நகரத்தில் மேரி மலன் என்ற சமையற்காரப் பெண் இருந்தார். அவருக்குக் காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. ஆனால் அவர் சமைத்த வீடுகளில் தைபோயிட் வந்துகொண்டே இருந்தது. அவர் உடம்பில் கிருமி தங்கியிருந்தது 1907இல்தான் தெரிய வந்தது. இனிமேல் சமைக்க மாட்டேன் என்று சொன்ன பிறகு வெளியே விட்டார்கள். மறுபடியும் சமைக்கப் போனார், 1915இல் மறுபடியும் பிடித்தார்கள். 1938இல் சாகும் வரை தனியாகவே வைத்திருந்தார்கள். உணவு தொடுகிறவர்களின் உடல்நலத்தைப் பற்றிச் சுகாதாரப் பகுதியினர் துருவித் துருவிக் கேட்பதற்கு இதுதான் காரணம்.

ஆகவே வயிற்றோட்டமோ வாந்தியோ இருப்பவர், அது நின்று 48 மணித்தியாலம் ஆகும் வரை பானத்தைத் தொடக்கூடாது. அண்மையில் செங்கமாரி, தைபோயிட் வந்தவர்கள் டொக்டர் சரி என்று சொல்லும் வரை இந்த வேலைக்கு வேண்டாம். கையில் சீழ்ப்புண் உள்ளவர்களும் வேண்டாம்.

இதைச் சொல்வது சுலபம், செய்வது சங்கடம். ஒரு தோட்டத்தில் எத்தனையோ வருஷமாக மோர் கலக்கிவந்த ஒரு பெரியவர் இருந்தார். அது அவருடைய நேர்த்தி. பி.எச்.ஐ. விசாரித்தபோது, "ரெண்டு நாளா வயிறு சரியில்லீங்க" என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். கரண்டியை வாங்கியபோது அவர் முகம் வாடிப்போனதை நாங்கள் பார்த்தோம். கமிட்டித் தலைவர் புத்திசாலி. "மாமா, இந்த வருஷம் நீங்க வாசல்ல நின்னு எல்லாரையும் வாங்க வாங்கன்னு கூப்பிடுங்க. உங்க சத்தத்துக்குத்தான் கூட்டம் வரும்" என்றார். பெரியவரும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் கூப்பிட்டார். உண்மையைச் சொன்ன ஆளுக்கு மரியாதை கொடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

பந்தல் நாளன்று

பந்தலைக் கானுக்கும் கக்கூசுக்கும் மாட்டுப் பட்டிக்கும் தள்ளிப் போடுங்கள். பக்கத்திலேயே கை கழுவத் தண்ணியும் சவர்க்காரமும் வையுங்கள். அண்டாவுக்கு மூடி வேண்டும். நீளப் பிடி உள்ள ஒரு கரண்டியால் மட்டும் மொள்ளுங்கள். டம்ளரையோ கையையோ உள்ளே விடக் கூடாது. தேசிக்காய் வெட்டுகிறவர், கலக்குகிறவர், ஊற்றுகிறவர் மூவரும் வேலை தொடங்கும்போதும், கக்கூஸ் போய் வந்த பிறகும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

டம்ளர்களை ஒரே வாளியில் முக்கி முக்கி எடுப்பது நம்மிடம் உள்ள பெரிய பிழை. பத்தாவது ஆள் முதல் ஒன்பது பேரின் எச்சிலையும் சேர்த்துத்தான் குடிக்கிறார். மூன்று பாத்திரம் வையுங்கள். ஒன்றில் சவர்க்காரத் தண்ணி, ஒன்றில் அலச, ஒன்றில் கொதித்த சுடுதண்ணி. அழுக்கான உடனே மாற்றுங்கள். கடதாசிக் கப் என்றால் போடுவதற்குப் பெட்டி வைத்து, அன்றைக்கே பொறுக்குங்கள். மீந்த மோரை மறுநாளைக்கு வைக்காமல் ஊற்றிவிடுங்கள்.

பிறகு யாருக்காவது சுகமில்லை என்றால்

வயிற்றோட்டம் என்றால் உடனே ஜீவனி கொடுங்கள். ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணியில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். பிள்ளை சோர்ந்துபோனால், மலத்தில் இரத்தம் கண்டால், காய்ச்சல் விடாமல் அடித்தால், கண் மஞ்சளானால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். "திருவிழாவில் மோர் குடித்தோம்" என்று டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். தைபோயிட், சீதபேதி, ஈரல் அழற்சி, உணவு நஞ்சாதல் எல்லாம் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள். நீங்கள் சொல்கிற ஒரு வார்த்தை அடுத்த லயத்துப் பிள்ளையைக் காப்பாற்றும். கமிட்டியைக் காட்டிக்கொடுத்ததாக ஆகாது.

பொருளாளர் அண்ணனுடைய கேள்விக்கு இப்போது எங்கள் பதில் இதுதான். கடைக்காரன் காசு வாங்குகிறான். சந்தேகம் வந்தால் வாங்குகிறவன் பார்த்து வாங்குவான், வேண்டாம் என்றும் போவான். ஆனால் சாமி பேரில் கொடுப்பதை யாரும் சந்தேகப்படுவதில்லை. பச்சைப் பிள்ளைக்கும் தாய் அதை நம்பிப் புகட்டுகிறாள். அந்த நம்பிக்கைக்காகத்தான் கடையைவிடக் கூடுதல் கவனம் வேண்டும் என்கிறோம்.

இந்தப் பக்கத்தை வெட்டிக் கோயில் மடத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தேர் அலங்காரம், மேளக் கூட்டம் பற்றிப் பேசும்போது "தண்ணி எங்கிருந்து?" என்ற கேள்வியையும் ஒருவர் எழுந்து கேட்கட்டும். அதைக் கேட்கிறவர் ஒரு தாயாக இருந்தால் இன்னும் நல்லது.